லோடு எத்தனை டன்?

“லோடிங்னு போட்டிருக்குதே, எத்தனை டன்னு கண்ணு?” என்றார் மாமா.

திரையில் ஒரு கோடு நத்தை மாதிரி ஊர்ந்துகொண்டிருந்தது. டன் இல்லைங்க மாமா, கேம் திறக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். “லோடு இல்லாம எதுக்கு லோடிங்?” என்று கேட்டுவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைய ஞாயிற்றுக்கிழமை என் கையைவிட்டுப் போனது அந்த நிமிடத்தில்தான்.

மாமா முப்பத்தோரு வருடம் லாரி ஓட்டியவர். முட்டி தேய்ந்த பிறகுதான் ஸ்டியரிங்கை விட்டார். நாமக்கல்லில் இப்படி ஒரு மாமா இல்லாத வீட்டைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். கம்பெனியிலிருந்து வெறும் சேஸிஸாக வருகிற வண்டிக்கு இங்கேதான் பாடி கட்டுகிறார்கள். இளவயதில் மாமா அந்த சேஸிஸை ஓட்டி வந்தவர். கேபின் கிடையாது, கண்ணாடி கிடையாது. ஒரு பலகை மேல் உட்கார்ந்து, முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாயைத் திறந்தால் பூச்சி நுழையும் என்று பல்லைக் கடித்தபடி ஆயிரம் கிலோமீட்டர் வர வேண்டும். அவர் முன்னால் நான் லாரி கேம் ஆடுவது, மேட்டூர் அணையில் நீந்தியவருக்கு முன்னால் பக்கெட் தண்ணீரில் கையை அடிப்பது போல.

கேமின் பெயர் யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2. செக் நாட்டின் பிராக் நகரத்து எஸ்சிஎஸ் சாஃப்ட்வேர் 2012இல் வெளியிட்டது. ஐரோப்பாவைப் பத்தொன்பதில் ஒரு பங்காகச் சுருக்கி, அதில் நம்மை லாரி ஓட்ட விடுவார்கள். லோடு பிடிக்க வேண்டும், டீசல் போட வேண்டும், தூக்கம் வந்தால் ஓரங்கட்ட வேண்டும், கடன் வாங்கி வண்டி வாங்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், எங்கள் ஊரில் பாதிப் பேர் எதைச் செய்து ரத்தக்கொதிப்பு வாங்கினார்களோ அதைப் பொழுதுபோக்காகச் செய்ய வேண்டும்.

2021இல் இந்த கேமுக்குள் கான்வாய் என்றொரு வசதி வந்தது. நண்பர்கள் ஒன்றாக, வரிசை கட்டிப் போகலாம். எங்கள் செட்டில் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்கார வீட்டுப் பையன் ஒருவன், சங்ககிரியில் இருவர், பெங்களூரில் ஒருவன், துபாயில் ஒருவன். சிக்கல் என்னவென்றால், கான்வாயைத் தொடங்கியவன் கேமை மூடினால் எல்லோருக்கும் மூடிவிடும். நான் சாப்பிடப் போனால் அஞ்சு லாரியும் அந்தரத்தில் நிற்கும். இதற்கு மருந்து, கேமைத் திறக்காமலே தனியாக ஓடுகிற சர்வர் ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் போட்டுவிடுவது. “வெச்சிரலாம்” என்று வாயை விட்டவன் நான்.

கான்வாய் மட்டும் போதும் என்று விட்டிருந்தால் பிழைத்திருப்பேன். எங்களுக்கு நம் ஊர் லாரி வேண்டும். நெற்றியில் மாலை, முதுகில் ‘ஒலி எழுப்பவும்’, ஊரைக் கூட்டும் ஏர் ஹாரன். இதெல்லாம் ஆர்வலர்கள் செய்துவைத்த மாட்களாகக் கிடைக்கின்றன. இறக்கி மாட் என்ற ஃபோல்டரில் போட்டால் போதும். என்னிடம் முப்பத்தாறு இருந்தன. ஃபோனில் இந்தக் கணக்கைச் சொல்லிக்கொண்டிருந்தபோது அம்மா சமையலறையிலிருந்து, “இருக்கிற ஒரு மாட்டுக்கே புல்லறுக்க ஆள் இல்ல, முப்பத்தாறு மாடு எங்க கட்டறதாம்?” என்றார்.

சர்வரைத் தொடங்கினேன். கறுப்பு ஜன்னல் ஒன்று திறந்தது, நாலு வரி எழுதியது, மூடிக்கொண்டது. மறுபடி திறந்தேன். மறுபடி மூடிக்கொண்டது. இரவு பதினோரு மணிக்கு விஷயம் புரிந்தது. சர்வருக்கு வரைபடமும் தெரியாது, மாட்களும் தெரியாது. என்னென்ன வைத்திருக்கிறோம் என்று கேமிலிருந்து இரண்டு கோப்புகளை எடுத்து அதன் கையில் கொடுக்க வேண்டும். அதற்கு முதலில் கான்ஃபிக் கோப்பைத் திறந்து இரண்டு இடத்தில் 0-வை 1 ஆக்க வேண்டும். அப்போதுதான் கேமுக்குள் கன்சோல் திறக்கும். அதில் ‘எக்ஸ்போர்ட்_சர்வர்_பேக்கேஜஸ்’ என்று அடிக்க வேண்டும்.

“சரக்கையே கொடுக்கறதில்லையா?” என்றார் மாமா.

“இல்லைங்க மாமா. சரக்கு பட்டியல் மட்டும்.”

“அப்ப ஈ-வே பில்லு.”

2018இல் ஜிஎஸ்டிக்காரர்கள் அதைக் கொண்டுவந்தபோது மாமா மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. இப்போது ஒரே வார்த்தையில் என் பிரச்சினைக்குப் பெயர் வைத்துவிட்டார். அதுவும் சரியான பெயர். மாட் பட்டியலைத் தொட்டால் பில்லை மறுபடி போட வேண்டும். நான் போடவில்லை. ஒரு பஸ் மாட்டைச் சேர்த்துவிட்டு, பழைய பில்லோடு சர்வரை ஓட்டி, நண்பர்களை ஒரு மணி நேரம் வாசலிலேயே நிற்க வைத்தேன்.

அடுத்தது போர்ட். 27015, 27016 என்று இரண்டு எண்கள் அமைப்புக் கோப்பில் இருக்கின்றன. விண்டோஸின் ஃபயர்வாலில் வழிவிட வேண்டும். “போர்ட்டைத் திறக்கணும்” என்று திருச்செங்கோட்டுப் பையனிடம் சொன்னதைக் கேட்டு மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“தூத்துக்குடியா, எண்ணூரா?”

விளக்கினேன். தலையாட்டினார். “தூத்துக்குடியில ரெண்டு நாள் நின்னாத்தான் உள்ள விடுவான். பத்து நிமிசத்துல ஆவுதுன்னா பரவாயில்ல” என்றார். விளக்கம் உள்ளே போகவில்லை என்று தெரிந்தது. ஆனால் முடிவு சரியாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

நான் கழுத்தளவு மாட்டியது லோடு ஆர்டரில். என் லாரி வந்தது, மாலை வந்தது, எழுத்து வந்தது. ஹாரனை அமுக்கினால் மட்டும் ஏதோ ஸ்வீடன்காரர் தயங்கித் தயங்கித் தொண்டையைக் கனைப்பது போல ஒரு சத்தம். ஏர் ஹாரன் மாட் பட்டியலில் இருந்தது, டிக் இருந்தது, சத்தம் மட்டும் இல்லை. ஹாரன் மாட்டை அழித்துப் போட்டேன். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டேன். கடைசியில் ஸ்பீக்கரைத் தட்டினேன்.

மாமா பட்டியலைப் பார்த்தார். “எது முதல்ல ஏறுது?”

“கீழ இருக்கறது முதல்ல, மேல இருக்கறது கடைசியாங்க மாமா.”

“நாமக்கல்லுல லோடு புடிச்சு சங்ககிரி, ஈரோடு, கோயமுத்தூருன்னு மூணு எடத்துல இறக்கணும். எத மொதல்ல ஏத்துவே?”

நான் விழித்தேன்.

“கோயமுத்தூர் சரக்க மொதல்ல உள்ள தள்ளோணும். சங்ககிரி சரக்கு கடைசியா, கதவோரம். கதவத் தொறந்தா எவன் தெரிவான்? கடைசியா ஏறுனவன். உன்ற ஹாரன் எங்க கெடக்குது?”

ஹாரன் அடியில் கிடந்தது. அதன் மேல் ஒரு பெரிய சத்த மாட், எஞ்சின் முதல் கதவு வரை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. ஹாரனை மேலே ஏற்றினேன். அமுக்கினேன். தெருவில் நின்ற நாய் எழுந்து ஓடியது. அம்மா கையிலிருந்த கரண்டி கீழே விழுந்தது. மாமா கண்ணை மூடிக்கொண்டு ரசித்தார்.

அதன் பிறகு அவர் பார்வையாளர் இல்லை, பங்குதாரர். பூஜை போடாமல் வண்டி எடுக்கக் கூடாது என்றார். சிபியுவுக்குச் சந்தனம், குங்குமம். எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்துக்கு அடியில் வைக்க வேண்டும். கம்ப்யூட்டருக்குச் சக்கரம் இல்லை. சுற்றிலும் பார்த்தவர் கண்ணில் என் சுழல் நாற்காலி பட்டது. லாரிக்குக்கூட நாலு பழத்தோடு முடித்துக்கொள்வார். இதற்கு ஐந்து சக்கரம். “பழம் விக்கற வெலைக்கு!” என்று அம்மா கத்தக் கத்த ஐந்து பழம் வைத்தார். நான் உட்கார்ந்து ‘பிள்ளையாரே’ என்று முன்னால் தள்ளினேன். நாலு நசுங்கின. ஐந்தாவது பீரோவுக்கு அடியில் ஓடிவிட்டது.

கான்வாய் கிளம்பியது. கறுப்பு ஜன்னலில் ஒவ்வொருவனாக வந்து சேரும் வரிகள் விழுந்தன. மாமாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. பக்கத்துத் திரையில் வண்டிகள் வரிசையாகத் தெரிந்த பிறகுதான் ஒப்புக்கொண்டார். உடனே, “ஏன் கண்ணு எல்லாரும் ராங் சைடுல போறீங்க?” என்றார். ஐரோப்பாவில் பெரும்பாலும் வலப்பக்கம்தான் என்றேன். “கிளீனர் எங்க?” என்றார். கிளீனர் இல்லை. “பின்ன ரிவர்ஸ் எடுக்கறப்ப தட்டறது யாரு?” இதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. சிவப்பு விளக்கில் நான் நிற்காமல் போக, திரையில் அபராதம் தானாகக் கழிந்தது. “ரசீது கொடுக்கறானா?” என்றார். கணக்கில் வருகிறதுங்க மாமா என்றேன். நல்ல நாடு என்றார்.

ஆஸ்திரியாவில் இன்ஸ்ப்ரூக் பக்கம் ஓர் இறக்கம் வந்தது. அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர் சட்டென்று என் தோளைப் பிடித்தார்.

“நியூட்ரல் போடாதே.”

“கேம்தானுங்க மாமா.”

“தொப்பூர்லயும் அப்பிடித்தான் நெனச்சாங்க. ரெண்டு லிட்டர் டீசல் மிச்சம் புடிக்க நியூட்ரல்ல விட்டு, பிரேக்கு சூடேறி... மேல எந்தக் கியர்ல ஏறுனியோ அதுலதான் இறக்கோணும். எஞ்சின் புடிக்கட்டும்.”

தர்மபுரியிலிருந்து சேலம் வருகிற தொப்பூர் கணவாயில் நின்றுபோன லாரிகளை அவர் எண்ணி வைத்திருப்பார் போல. கியரைக் குறைத்தேன். எனக்குப் பின்னால் அஞ்சு லாரியும் குறைத்தன. இறக்கம் முடியும்வரை மைக்கில் ஒருவனும் பேசவில்லை. துபாய்க்காரன் மட்டும் மெல்ல, “மாமா பக்கத்துல இருக்காரா?” என்றான்.

சமவெளி வந்து மூச்சு விட்டபோது கரண்டு போனது.

யுபிஎஸ் கீச்கீச்சென்று கத்தியது. பேட்டரி பழசு, ரெண்டு நிமிடத்தில் அதுவும் அடங்கியது. மின்விசிறி நின்றது. அம்மா மீட்டர் பெட்டி பக்கம் பார்த்து, ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினா ரேட்டே வேற, தெரியுமில்ல என்றார். கரண்டே இல்லாத நேரத்தில் கரண்டு பில்லைப் பற்றிப் பேச அம்மாவால்தான் முடியும்.

நாற்பது நிமிடம் கழித்து கரண்டு வந்தது. சர்வரை எழுப்பினேன். நான் டோக்கன் எதுவும் வாங்கிப் போடவில்லை. அதனால் ஒவ்வொரு முறை எழும்போதும் சர்வருக்குப் புதிய எண். அதுவும் ஒரு முழ நீளம். அந்த எண்ணைச் சொன்னால்தான் கூட்டாளிகள் தேடி வர முடியும். மாமா ஃபோனை வாங்கி, புக்கிங் ஆபீஸில் பர்மிட் நம்பர் சொல்லிப் பழகிய குரலில், ஒவ்வொரு இலக்கமாக, பெங்களூருக்கும் துபாய்க்கும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் வண்டியை எடுத்தேன். இடப்பக்கமே இழுத்தது. நேராகப் பிடித்தாலும் இழுத்தது. லாரி மாட்டிலேயே கோளாறு, வேறொன்று இறக்கிப் பில்லையும் புதிதாகப் போட வேண்டும் என்று முனகினேன்.

மாமா ஃபோனைக் காதில் வைத்தபடியே குனிந்து என் நாற்காலிக்கு அடியில் பார்த்தார். ஒரு சக்கரத்தை விரலால் நிமிண்டி, நசுங்கிய எலுமிச்சந்தோலை எடுத்து என் கையில் வைத்தார்.

“வண்டியில ஒண்ணுமில்ல. அலைன்மென்ட் பாக்காம அடுத்த லோடு ஏத்தாதே” என்றவர், ஃபோனில், “எட்டு, எட்டு... இல்ல தம்பி, மொதல்ல இருந்து சொல்றேன்” என்றார்.