வேங்கிக்கால் வீட்டுச் சீரங்களில் மணமும் பிசுக்கும்: ஒரு முன்னாய்வு

முகத்துக்குப் பூசும் சீரத்தைக் கடையில் வாங்குவோர் ஒரு சாரார். கற்றாழையைக் கீறி வீட்டிலேயே தயாரிப்போர் மற்றொரு சாரார். இவ்வாய்வு பின்னவரைப் பற்றியது. களம், திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்கால். ஆட்சியர் அலுவலகம், ஏரி, வேலூர்ச் சாலைப் புழுதி மூன்றும் ஒருங்கே வாய்த்த ஊர் என்பதால் தேர்வானது. புழுதியின் பங்கு பின்னர் விளங்கும்.

முன்னோடிகளில் மூத்தது சிலப்பதிகாரம். கடலாடு காதையில் மாதவியின் கூந்தல் நனையும் நீரில் ஊறியவை துவர் 10, விரை 5, ஓமாலிகை 32, ஆக 47 சரக்குகள். ஊடியிருந்த கோவலனை மகிழ்விப்பதே நோக்கம் என்பதும் பதிவாகியிருக்கிறது. எது எத்தனை பலம் என்று இளங்கோவடிகள் சொல்லாமல் விட்டது ஆய்வுலகுக்குப் பேரிழப்பு.

உள்ளூர் முன்னோடி, தீப மை. கார்த்திகை தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றும் கொப்பரை 11 நாள் எரியும். அதில் சேரும் மையோடு வாசனைப் பொருள்கள் கூட்டி, மார்கழியில் ஆருத்ரா தரிசனத்தன்று நடராசருக்குச் சாத்தி, பிறகு பக்தர்களுக்குத் தருவார்கள். பக்தியைச் சற்றே ஒதுக்கிவைத்துச் சேர்மானத்தை மட்டும் பார்த்தால் நெய், கரி, நறுமணம். பிசுபிசுக்கிறது என்று யாரும் முறையிட்டதாகத் தெரியவில்லை. இட்டுக்கொள்வது ஒரு பொட்டு அளவு என்பதே காரணமாகலாம்.

சீரக்காரர்களுக்கு இந்த அடக்கம் கிடையாது. ‘முகம் பளபளக்க வேண்டும்’ என்று கிளிசரினைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அது ஈரத்தை இழுத்துப் பிடிக்கும் பொருள். அளவு மிஞ்சினால் ஒட்டும். அதைப் பூசிக்கொண்டு வேலூர்ச் சாலையில் ஸ்கூட்டரில் போகும் முகம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்குச் செலவில்லாத கருவி. 30 மில்லி புட்டிக்கு ஒன்றரை மில்லி போதும். சீரத்தையும் முகம் ஈரமாக இருக்கும்போதே தடவ வேண்டும். கடைச் சீரம் பட்டாக வழுக்குவதற்குப் பெரும்பாலும் சிலிக்கோன்தான் காரணம், மூலிகை அல்ல. அந்த வழுக்கலைக் கற்றாழையிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. மடலை வெட்டியதும் சற்று நேரம் நிமிர்த்தி வைத்து மஞ்சள் பாலை வடியவிட்டால் நாற்றமும் அரிப்பும் குறையும். கூழை வேட்டித் துணியில் வடிகட்டினால் கட்டி தட்டாது. தொடு உணர்வு பற்றிச் சொல்ல இவ்வளவே.

மணம்தான் சிக்கல். களத்தில் பதிவான உரையாடல் ஒன்று:

“ஏம்மா, மாவு புளிச்சிடுச்சா? உன் மேல வாசனை வருதே.”

“மாவு இல்ல அத்தை, சீரம். அரிசி கழுவின தண்ணி. கொரியாவுல இதத்தான் பூசுறாங்க.”

“எங்க ஊர்ல அத மாட்டுக்கு ஊத்துவோம். அதுக்கும் முகம் நல்லாத்தான் இருக்கும்.”

புளித்த மணத்தை மறைக்கப் பலரும் நாடுவது சன்னதிக் கடைகளின் ஜவ்வாதுப் பொடி. மாவட்டத்திலேயே ஜவ்வாது மலை இருக்கிறது என்ற உரிமையும் ஒரு காரணமோ என்னவோ. பொடி கரைவதில்லை, மணம் வந்த அன்றே முகம் உப்புத்தாள் ஆகிறது. பூசைக்கு விற்கும் பன்னீரோ பல நேரம் செயற்கை வாசனை கலந்த தண்ணீர். எலுமிச்சைத் தோலைப் பிழிந்த எண்ணெய் வெயிலோடு சேர்ந்து தோலைப் புண்ணாக்கும். இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை. வாசனை எண்ணெய் சேர்த்தே தீருவேன் என்பவர்களுக்கு 30 மில்லிக்கு ஆறு சொட்டு ஏறத்தாழ ஒரு சதவீதம். முகத்துக்கு அதிலும் பாதி போதும். தண்ணீர் கலந்த சீரம் பிரிட்ஜிலேயே ஒரு வாரம் தாங்கினால் அதிகம். கெட்டுப்போனதை முதலில் சொல்வது மூக்கு என்பதால், அதன் வாயை ஜவ்வாதால் அடைப்பதை இவ்வாய்வாளர் வன்மையாகக் கண்டிக்கிறார்.

இனி மையக் கருதுகோள். மல்லிகை, பறித்த பிறகும் மணம் விட்டுக்கொண்டே இருக்கும் பூ. பிரான்சின் கிராஸ் நகரத்தார் கண்ணாடிச் சட்டங்களில் விலங்குக் கொழுப்பைப் பூசி, மேலே மல்லிகையைப் பரப்பி, கொழுப்பு மணத்தைக் குடித்ததும் பூவை மாற்றி வந்தார்கள். வட இந்தியாவில் எள்ளுக்கும் பூவுக்கும் அடுக்கு வைத்து, பிறகு எள்ளை ஆட்டி எண்ணெய் எடுத்தார்கள். வேங்கிக்காலில் இதே வேலையை யாரும் ஏவாமலே பிரிட்ஜ் செய்கிறது. வெள்ளிக்கிழமைக்கு வாங்கி வாழையிலையில் மடித்து வைத்த இரண்டு முழம் மல்லி, மறுநாள் தயிரில் மணக்கும். வெண்ணெயில் இன்னும் கூடுதலாக. மல்லி மணக்கும் மோர்க் குழம்பைக் குறை சொல்லாத குடும்பத் தலைவர் எவருமில்லை. கிராஸ்காரர்கள் இதையே விலைக்கு விற்றார்கள்.

ஆகவே எண்ணெய்ச் சீரத்துக்கு மணமூட்டச் சொட்டு மருந்து தேவையில்லை. நல்ல அண்டை வீட்டார் போதும். வாயகன்ற கிண்ணத்தில் நல்லெண்ணெயோ பாதாம் எண்ணெயோ ஊற்றி, ஈரமில்லாத மல்லியோடு ஒரே டப்பாவில் அடைத்து, வாடும் முன் பூவை மாற்றி வந்தால் மணம் மெல்ல ஏறும். அது நல்லெண்ணெயின் சொந்த வாசனையை வெல்லுமா என்பது எண்ணெயைப் பொறுத்தது. செக்கெண்ணெய் லேசில் தோற்காது.

டப்பாவுக்கு மூடி அவசியம். எண்ணெய்க்குப் பாரபட்சம் கிடையாது; மல்லியை வாங்கும் அதே வேகத்தில் நறுக்கிய வெங்காயத்தையும் நேற்றைய கருவாட்டுக் குழம்பையும் வாங்கிக்கொள்ளும். பல வீடுகளில் கறியும் மீனும் விலகியிருக்கும் புரட்டாசியே தயாரிப்புக்கு உகந்த மாதம் என்று இவ்வாய்வு பரிந்துரைக்கிறது. ஆனால் தோசை மாவு புரட்டாசியிலும் மேல்தட்டைக் காலி செய்வதில்லை. மாவுப் பாத்திரத்தை எங்கே மாற்றுவது என்பதில் அத்தைக்கும் மருமகளுக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படாததால், கருதுகோளின் இறுதிச் சோதனை தள்ளிவைக்கப்பட்டுள்ளது.