மடிக்க மடிக்க நிலா

கேள்வி: பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் பெருக்குத் தொடர்வரிசை மனதில் பதிய என்ன வழி?
- ஒரு கணக்கு ஆசிரியை

பதில்: சூத்திரத்தை நாளைக்கு எழுதிக்கொள்ளலாம் டீச்சர். இன்றைக்கு ஆளுக்கொரு செய்தித்தாள் கொடுத்து மடிக்கச் சொல்லுங்கள். 1, 2, 4, 8... ஆறாவது மடிப்பில் 64 தாள் கனம். ஏழாவதில் வகுப்பு பயில்வானுக்கே மூச்சு வாங்கும்! அப்போது கேளுங்கள்: 0.1 மி.மீ. தாளை 42 முறை மடிக்க முடிந்தால் எவ்வளவு உயரம்? சுமார் 4,40,000 கி.மீ. நிலாவையே தாண்டிவிடும்.

பிள்ளைகள் சறுக்குவது சூத்திரத்தின் அடுக்கில் ஏன் ஒன்று குறைகிறது என்பதில்தான். மடிக்காத தாளே முதல் உறுப்பு. ஆகவே பத்தாவது உறுப்புக்கு 9 மடிப்புதான். இதைக் கையால் மடித்தவன் மறக்க மாட்டான். ஒரு பீரியட் போனாலும் போகட்டும், மடிக்க விடுங்கள்.