எல்லாம் உங்கள் விருப்பம்!

முடிவெடுக்கத் திராணியில்லாத இடத்திலெல்லாம் ஓர் ஆப்ஷனைச் செருகிவிடு. லைப்ரரி எழுதுகிற மகான்களின் முதல் விதி இது. மேடையில் இதையே 'நெகிழ்வுத்தன்மை' என்பார்கள். கைதட்டலும் விழும்.

பைத்தானில் வேறொரு புரோகிராமை ஓட்ட 'பீஓப்பன்' என்று ஒன்று உண்டு. அதை உருவாக்கும் கன்ஸ்ட்ரக்டருக்கு 20-க்கும் மேற்பட்ட ஆப்ஷன்கள். அதில் ஒன்று 'யுனிவர்சல் நியூலைன்ஸ்'. பெயரைப் படித்தால் வேலை என்னவென்று விளங்காது. எனவே 2018-இல் வந்த 3.7 பதிப்பில் அதற்கே 'டெக்ஸ்ட்' என்று இன்னொரு பெயர் வைத்தார்கள். பழையதை எடுத்தார்களா? இல்லை. எடுத்தால் பழைய நிரல்கள் படுத்துவிடும். ஒருமுறை உள்ளே வந்த ஆப்ஷனுக்கு ஓய்வு வயதே கிடையாது.

அதற்காவது பெயர் என்று ஒன்று இருக்கிறது. உங்கள் அலுவலகத்துப் பழைய நிரலைத் திறந்து பாருங்கள். கன்ஸ்ட்ரக்டருக்குள் வரிசையாக நிற்கும்: ட்ரூ, ஃபால்ஸ், ஃபால்ஸ், நன், ட்ரூ. மூன்றாவது எதற்கு? எழுதியவர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். மாற்றிப் பாருங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு சர்வரே போன் போட்டுச் சொல்லும்.

பைத்தானில் இணையத்தோடு பேச உதவும் 'ரிக்வெஸ்ட்ஸ்' லைப்ரரியில் டைம்அவுட்டும் ஓர் ஆப்ஷன்தான். நீங்கள் கொடுக்காவிட்டால், எதிர்முனை வாயே திறக்காவிட்டாலும் உங்கள் புரோகிராம் காத்துக் கிடக்கும். நிஜப் பயன்பாட்டுக்குப் போகும் நிரல் அநேகமாக எல்லாவற்றிலும் இதைக் கொடுக்க வேண்டும் என்று அதன் கையேடே சொல்கிறது. எல்லோரும் கொடுத்தே தீர வேண்டியதை நீங்களே வைத்துத் தொலைத்தால் என்னய்யா குறைந்துவிடும்?

ஜாவாவின் 'லாக்ஃபோர்ஜே' செய்தது உச்சகட்டக் கூத்து. அதன் வேலை, கொடுத்த வரியைப் பதிவேட்டில் எழுதுவது. எழுதுவதோடு விட்டதா? அந்த வரியில் ஒரு குறிப்பிட்ட வடிவில் முகவரி இருந்தால், அங்கே போய் எவனோ வைத்த நிரலை எடுத்துவந்து ஓட்டவும் செய்தது. 2013-இல் சேர்த்த வசதி. யாரும் கேட்காமலே டிஃபால்ட்டாகத் திறந்து கிடந்தது. 2021 டிசம்பரில் குட்டு உடைந்தது. ஆபத்துக்கு 10-க்கு 10 மார்க். ஓர் ஆப்ஷனை மாற்றினால் போதும் என்றார்கள். சில நாளில், அதுவும் போதாது என்றார்கள். எழுதியவர்கள் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள், அவர்களைத் திட்ட மனம் வரவில்லை. அதை ஓசியில் எடுத்துக் கோடி கோடியாகச் சம்பாதித்த கம்பெனிகளோ, அன்றைக்குத்தான் அப்படியொரு லைப்ரரி தம் வீட்டில் இருப்பதையே தேட ஆரம்பித்தன.

கேட்டால் பதில் தயார்: "எல்லாம் டாக்குமென்ட்டில் இருக்கிறதே!" இருக்கிறது. நாற்பதாம் பக்கத்தில், பொடி எழுத்தில். பழி மட்டும் கொட்டை எழுத்தில் நம் பெயரில்.

ஐயா, அம்மா, கன்ஸ்ட்ரக்டர் எழுதும் பெரியவர்களே! ஒன்றும் கொடுக்காமல் கூப்பிட்டாலும் பத்திரமாக ஓடுகிற மாதிரி எழுதுங்கள். ஆபத்து வேண்டுமென்பவன், அதன் பெயரை முழுசாகத் தட்டச்சு செய்து கேட்டு வாங்கிக்கொள்ளட்டும்.