அழையாமல் வரும் பாசி: கடல்நீர்த் தொட்டி கேள்வி–பதில்

கேள்வி: கடல்நீர்த் தொட்டி வைத்து மூன்று வாரம் ஆகிறது. வெள்ளை மணல் மேல் யாரோ காப்பித்தூளைத் தூவிவிட்டுப் போனதுபோல் இருக்கிறது. வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. யார் செய்த வேலை?

பதில்: டையாட்டம் செய்த வேலை. ஒற்றைச் செல் பாசியான இது சிலிக்காவால் ஆன ஓட்டுக்குள் வாழ்கிறது. ஓடு கட்டத் தேவையான சிலிக்கேட் குழாய்த் தண்ணீரிலும் புது மணலிலும் இருக்கிறது. வேறு உயிர்கள் இன்னும் குடியேறாததால் இடமும் காலி. பெரும்பாலான புதுத் தொட்டிகளில் முதலில் வருவது இதுதான். சிலிக்கேட் தீர்ந்ததும் சில வாரங்களில் தானே போய்விடும். நத்தைகள் விரும்பித் தின்னும். மருந்து வேண்டியதில்லை.

கேள்வி: வீட்டில் ஆர்ஓ இருக்கிறது. நாங்கள் குடிப்பதே அந்தத் தண்ணீர்தான். மீனுக்கு மட்டும் போதாதா?

பதில்: பாசிக்கு அது தாராளமாகப் போதும், சிக்கல் அங்கேதான். சென்னையின் பல பகுதிகளில் ஆழ்குழாய் நீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் பொருள்களின் மொத்த அளவு) ஆயிரத்தைத் தாண்டுவது அபூர்வமில்லை. அதில் நூற்றுக்கு 95 பங்கை ஆர்ஓ சவ்வு தடுத்தாலும் 50 மிஞ்சும். போதாததற்கு, சமையலறைக் கருவிகள் பலவற்றில் சுவைக்காக மூலநீரையோ தாதுக்களையோ கலக்கும் அமைப்பு உண்டு. மிஞ்சும் அந்த 50க்குள் நைட்ரேட், பாஸ்பேட், சிலிக்கேட் மூன்றும் இருக்கலாம்.

கோடையில் தொட்டி நீர் தினமும் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும். கரைந்திருப்பவை உள்ளேயே தங்கிவிடும். குறைந்ததை ஈடுகட்ட ஊற்றும் ஒவ்வொரு குவளையும் கொஞ்சம் உரத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறது. ஆர்ஓவுக்குப் பின்னால், மிஞ்சும் அயனிகளைப் பிடிக்கும் டிஐ பிசின் அடைத்த ஒரு குழாயைப் பொருத்தி, டிடிஎஸ் மீட்டர் 0 காட்டும் தண்ணீரைப் பயன்படுத்துவதே வழி. மீட்டர் 0ஐ விட்டு ஏறத் தொடங்கினால் பிசினை மாற்ற வேண்டும். புதுத் தொட்டிக்குச் செலவழிக்கும் பணத்தில் இதைவிடப் பயனுள்ள செலவு இல்லை.

கேள்வி: மெரினா பக்கத்திலேயே இருக்கும்போது உப்பு வாங்கிக் கரைப்பது வீண் செலவு இல்லையா?

பதில்: மெரினாவின் வடக்கு முனையில் கூவமும் தெற்கில் அடையாறும் கடலில் கலக்கின்றன. இரண்டும் கழிவுநீர் சுமப்பவை. அந்தக் கரையோர நீரில் பாசிக்கு வேண்டியது எல்லாம் உண்டு. டிஐ நீரில் கடல் உப்பைக் கரைத்து ஒப்படர்த்தியை 1.025க்குக் கொண்டுவருவதே பாதுகாப்பு.

கேள்வி: பாறை முழுக்கப் பச்சை முடி வளர்ந்துவிட்டது. நைட்ரேட், பாஸ்பேட் இரண்டுமே சோதனையில் அறவே இல்லை என்று வருகிறது. சோதனைப்பெட்டி பொய் சொல்கிறதா?

பதில்: பெட்டி சொல்வது உண்மைதான். தண்ணீரில் மிஞ்சியிருப்பதை மட்டுமே அது அளக்கும். பாசி தின்று முடித்தது கணக்கில் வராது. தலைமுடி நீளத்துக்குப் பாசி இருந்தால் தொட்டிக்குள் சத்து இருக்கிறது, அது பாசியின் உடம்பில் இருக்கிறது என்று பொருள்.

கடல் மிதவை உயிர்களில் கரியணு 106, நைட்ரஜன் அணு 16, பாஸ்பரஸ் அணு 1 என்ற விகிதம் இருப்பதை அமெரிக்கக் கடலியலாளர் ஆல்பிரட் ரெட்பீல்டு கண்டார். இது குறித்த அவருடைய முதல் கட்டுரை 1934இல் வந்தது. தொட்டிப் பாசியில் விகிதம் சற்று மாறும் என்றாலும், துளி பாஸ்பேட் பெரிய பாசிக் கூட்டத்தையே வளர்க்கும் என்பது இதிலிருந்து விளங்கும்.

அந்தத் துளி எங்கிருந்து வருகிறது? மீன் தீவனம் முதல் வழி. உலர்பாறை இரண்டாவது வழி, பலர் யோசிக்காத வழியும் அதுதான். சுண்ணாம்புப் பாறை பாஸ்பேட்டை உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் மெல்ல வெளிவிடும். கண்ணாடி சுத்தமாக இருக்க, பாறையில் மட்டும் முடி அடர்ந்து வளர்ந்தால் சந்தேகம் பாறை மேல்தான் விழ வேண்டும்.

முதலில் கையால் பிடுங்க வேண்டும். பாறையை வெளியே எடுக்க முடிந்தால், தொட்டி நீரைப் பிடித்த வாளிக்குள் வைத்துப் பல்துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அந்த நீரைத் தொட்டியில் திரும்பச் சேர்க்காமல் கொட்டிவிட வேண்டும். வெளியேறும் ஒவ்வொரு பிடிப் பாசியோடும் அது தின்ற நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் வெளியேறுகின்றன. அதையே மருந்தால் கொன்று உள்ளே அழுகவிட்டால் எல்லாம் தண்ணீருக்கே திரும்பும். வாரம் ஒருமுறை பத்து சதவீத நீர் மாற்றம், எட்டு மணி நேரத்துக்கு மேற்படாத விளக்கு, உருக்கி வடிகட்டிய பிறகே உறைதீவனம், இரண்டு நிமிடத்தில் மீன் தின்று முடிக்கும் அளவு, கழிவை நுரையோடு பிரித்தெடுக்க நுரை பொங்க ஓடும் புரோட்டீன் ஸ்கிம்மர். இத்தனையும் சரியாக இருந்தாலும் பாசி அடங்க மாதங்கள் ஆகும். அவசரம் இங்கே ஒன்றுக்கும் உதவாது.

கேள்வி: சிவப்பாக, வழவழவென்று போர்வைபோல் மணலை மூடுகிறது. உரித்து எடுத்தால் மறுநாளே வந்துவிடுகிறது. இது எந்த வகைப் பாசி?

பதில்: இது சயனோபாக்டீரியா என்னும் நுண்ணுயிர். பாசி இனத்தில் சேராது. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்சிஜனை நிரப்பத் தொடங்கிய கூட்டத்தின் வாரிசு. அத்தனை காலம் தாக்குப்பிடித்த உயிர் ஒருநாள் உரிப்புக்கு அடங்காது. நீரோட்டம் படாத மூலைகளில், கழிவு தங்கும் இடங்களில்தான் இது கால் ஊன்றும். நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கரை அந்தப் பக்கம் திருப்பி, மண்டியைச் சிறு குழாயால் உறிஞ்சி எடுத்தாலே பெரும்பாலும் தளரும். கடையில் எரித்ரோமைசின் போன்ற மருந்தைத் தருவார்கள். அது வேலை செய்யும், ஆனால் மூலகாரணம் அப்படியே இருந்தால் சயனோ திரும்பும். செத்துக் கரையும்போது நீரில் ஆக்சிஜனும் குறையும். ஆகவே மருந்து கடைசி வழியாக மட்டும் கையாள வேண்டியது.

கேள்வி: பாசிக்குப் பயந்து உறிஞ்சிகள் எல்லாம் போட்டு நைட்ரேட், பாஸ்பேட் இரண்டையும் 0 ஆக்கினேன். இப்போது குமிழ் கோத்த பழுப்புச் சளி இழைகள் தொங்குகின்றன. நத்தைகளும் சாகின்றன. என்ன பாவம் செய்தேன்?

பதில்: சுத்தம் எல்லை மீறிவிட்டது. போட்டிக்கு வரும் மற்ற பாசிகளும் பாக்டீரியாக்களும் பட்டினியில் ஒடுங்க, காலியான இடத்தை டைனோபிளஜெல்லேட்டுகள் என்னும் ஒற்றைச் செல் உயிர்கள் பிடித்திருக்கலாம். சிலவகை நஞ்சு சுரப்பவை, தின்னும் நத்தை செத்துவிடும். இரவில் மறைந்து, விளக்கு எரிந்த சில மணி நேரத்தில் திரும்புவது முக்கியமான அடையாளம். சிறிய நுண்ணோக்கியில் ஒரு துளியைப் பார்த்து உறுதிசெய்வது நல்லது. ஆஸ்ட்ரியாப்சிஸ் வகை இரவில் நீரில் மிதக்கும், அதனால் புற ஊதா விளக்குக் கருவிக்குள் சிக்கும். ஆம்பிடினியம் மணலுக்குள்ளேயே கிடப்பதால் அந்தக் கருவிக்குச் சிக்காது.

இங்கே சிகிச்சை தலைகீழ். உறிஞ்சிகளை எடுத்துவிட்டு, நீர் மாற்றத்தை நிறுத்தி, தீவனத்தைக் கூட்டி, நைட்ரேட்டை 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட்டை 0.05 முதல் 0.1 பிபிஎம் அளவுக்கு உயர்த்தி நிறுத்த வேண்டும். பச்சைப் பாசி திரும்ப எட்டிப் பார்த்தால் அது நல்ல செய்தி. சத்தே இல்லாத தண்ணீரை யாரும் இலக்காக வைக்க வேண்டாம்.

கேள்வி: பச்சை முத்துப்போல் ஒன்று பளபளக்கிறது. கிள்ளிவிடலாமா?

பதில்: அது வலோனியா, குமிழ்ப் பாசி. ஒரு முத்து ஒரே செல். தொட்டிக்குள் உடைந்தால் விதைத்துகள் பரவக்கூடும் என்பதால் உடையாமல் நெம்பி எடுக்க வேண்டும். மரகத நண்டு இதைத் தின்னும், ஆனால் எல்லா மரகத நண்டும் தின்பதில்லை.

கேள்வி: கண்ணாடியில் ஊதாப் புள்ளிகள். சுரண்டிவிடவா?

பதில்: கண்ணாடியில் வேண்டுமானால் சுரண்டலாம், பாறையில் தொடக் கூடாது. அது பவளப்பாசி. சுண்ணாம்பால் பாறையை மூடி, மற்ற பாசிகளுக்கு இடம் கொடுக்காது. தொட்டி முதிர்கிறது என்பதற்கு அதுவே சான்று.

கேள்வி: பிடுங்கிய பாசியைக் கடலிலேயே விட்டுவிட்டால் புண்ணியம்தானே? கடலில் இருந்து வந்ததுதானே?

பதில்: எந்தக் கடலில் இருந்து வந்தது என்பதுதான் கேள்வி. கௌலெர்பா டாக்சிபோலியா என்னும் தொட்டிப் பாசி 1984இல் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்தை ஒட்டிய கடலில் காணப்பட்டது. பிறகு மத்தியதரைக் கடலின் பல நாட்டுக் கரைகளுக்குப் பரவியது. 2000இல் கலிபோர்னியாவின் ஒரு காயலில் தென்பட்டபோது, அதை ஒழித்துவிட்டதாக அறிவிக்கவே 2006 ஆயிற்று. மன்னார் வளைகுடாவிலும் சாகுபடிக்குக் கொண்டுவந்த கப்பாபைகஸ் பாசி குருசடைத் தீவின் பவளங்கள் மேல் படர்ந்திருக்கிறது. ஆகவே பிடுங்கிய பாசியைக் கடலிலும் விடாதீர்கள், வடிகாலிலும் விடாதீர்கள். வெயிலில் நன்றாகக் காயவைத்துக் குப்பையில் போடுங்கள்.