ஜருகண்டி வைத்தியம்

கேள்வி: திருப்பதியில் வேலை பார்க்கிறேன். மீட்டிங்கில் பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. பந்தியில் யாராவது பார்த்தால் சாதம் பிசையும் கை நடுங்குகிறது. இது கூச்சமா, வியாதியா?
– ஒரு வாசகர், சித்தூர்

பதில்: கூச்சம் என்றால் ரசம் வருவதற்குள் போய்விடும். பந்திக்கே போகாமல் வீட்டில் தயிர்சாதம் தின்னும் அளவுக்கு முற்றி, 6 மாதத்துக்கு மேல் நீடித்தால் அது சமூகப் பதற்றக் கோளாறாக இருக்கலாம். 1980-லேயே அமெரிக்க மனநலக் கையேட்டில் இடம்பிடித்த நோய் இது.

'எல்லோரும் என்னையே எடை போடுகிறார்கள்' என்பதுதான் இதில் பயமே. திருமலையில் மணிக்கணக்கில் காத்து நின்றவர்கள்கூட பெருமாளைச் சில நொடிகள்தான் பார்க்கிறார்கள். அதற்குள் 'ஜருகண்டி!' (தெலுங்கில் 'நகருங்கள்!') என்று விரட்டல். உங்களை மட்டும் யார் நின்று நிதானமாகப் பார்க்கப்போகிறார்கள்?

ஒதுங்க ஒதுங்க பயம் கொழுக்கும். அதனால் இன்று கடையில் விலை கேளுங்கள். அடுத்த வாரம் மீட்டிங்கில் ஒரே ஒரு கேள்வி. திருமலைக்குப் போகும் அலிபிரிப் பாதையின் 3,550 படிகளையும் ஒவ்வொன்றாகத்தானே ஏறுகிறோம்? மூச்சு வாங்கினால் மனநல மருத்துவர் இருக்கிறார். உளவியல் சிகிச்சையும் மருந்தும் பலன் தரும். நேரில் போகவும் தயக்கமா? அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416. 24 மணி நேரமும் இலவசம். அங்கே யாரும் 'ஜருகண்டி' சொல்ல மாட்டார்கள்.