சரக்கில் ஒரு மின்னல்

கே: ஆல்கஹாலிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கிறார்களாமே, நிஜமா? (திருச்சி)
ப: நிஜம்தான். எத்தனால் ஆவியோடு நீராவியைக் கலந்து, மின்சாரம் பாய்ந்து அயனியான வாயுவுக்குள், அதாவது பிளாஸ்மாவுக்குள் விட்டால், மூலக்கூறு சிதறி ஹைட்ரஜன் வெளியே வரும். குடித்தால் சிதறுவது சம்பளம்.

கே: பிளாஸ்மாவை நேரில் பார்க்க முடியுமா? (சேலம்)
ப: அண்ணாந்து பாருங்கள். டியூப்லைட்!

கே: பத்தாயிரம் டிகிரி சூடு என்கிறார்களே, கருவி உருகாதா? (சிவகாசி)
ப: 'குளிர் பிளாஸ்மா'வில் அந்தச் சூடு எலெக்ட்ரானுக்கு மட்டும்தான். வாயு அதைவிட எவ்வளவோ குறைந்த சூட்டில் இருக்கும். தலைவர் சாந்தமாக உட்கார்ந்திருக்க, அல்லக்கை மட்டும் கொதிப்பாரே, அந்த மாதிரி.

கே: தண்ணீர் மலிவாச்சே, அதையே பிளக்கலாமே? (காரைக்குடி)
ப: ஊர் பெயரைப் பார்த்ததும் தெரிந்தது, கணக்குதான் வரும் என்று! ஒரு மோல் ஹைட்ரஜனுக்குத் தண்ணீர் கேட்பது 286 கிலோஜூல். எத்தனாலையும் தண்ணீரையும் சேர்த்தால் சுமார் 58. இது ஏட்டுக் கணக்கு. நிஜக் கருவி இன்னும் அதிகமாகவே விழுங்கும். மிச்சத்தைக் கட்டியது யார்? வயலில் மாதக்கணக்காக வெயில் காய்ந்து எத்தனாலைத் தந்த கரும்பு. அதன் சேமிப்பில்தான் நாம் கைவைக்கிறோம்.

கே: வினையூக்கி இருக்கும்போது பிளாஸ்மா எதற்கு? (கோவை)
ப: வினையூக்கி சூடேற நேரமாகும். கந்தகம் பட்டால் படுத்துவிடும், கரி படிந்தால் வேலைநிறுத்தம். பிளாஸ்மா, சுவிட்சைப் போட்டதும் தயார். காரிலேயே பொருத்துவதற்காக அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் 1990களில் 'பிளாஸ்மாட்ரான்' செய்து பார்த்தார்கள். ஷோரூமில் விசாரித்துவிடாதீர்கள்.

கே: வருவது சுத்தமான ஹைட்ரஜனா? (தூத்துக்குடி)
ப: படை பரிவாரத்தோடு வரும். கார்பன் மோனாக்சைடு, கார்பன் டை ஆக்சைடு, மீத்தேன், அசிட்டிலீன், கூடவே கரித்தூள். இதில் மோனாக்சைடுதான் வில்லன். பத்து லட்சத்தில் சில பத்துப் பங்கு இருந்தாலே, கார்களில் வைக்கும் எரிபொருள் மின்கலத்தின் பிளாட்டினம் சுருண்டுவிடும். பிளாட்டினத்துக்கே அந்தக் கதி!

கே: ஹைட்ரஜனை நேரடியாகவே நிரப்பிக்கொண்டால் என்ன? (நாகப்பட்டினம்)
ப: மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கினாலும் லிட்டருக்கு 71 கிராம்தான் தேறும். சும்மா கேனில் கிடக்கும் ஒரு லிட்டர் மெத்தனாலுக்குள் 99 கிராம் ஹைட்ரஜன். ஹைட்ரஜனைவிட மெத்தனாலில்தான் ஹைட்ரஜன் அதிகம்!

கே: அப்படியானால் மெத்தனாலே போதுமே? (விழுப்புரம்)
ப: 2024 ஜூனில் பக்கத்துக் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்த சாராயத்தில் இருந்தது அதுதான். பூட்டுப் போட்டுக் கையாள வேண்டிய விஷம்.
இன்னொன்று: உலகின் மெத்தனாலில் பெரும்பங்கு இயற்கை வாயுவிலும் நிலக்கரியிலும் பிறப்பது. அவற்றிலிருந்து ஹைட்ரஜன் எடுத்து, அதை மெத்தனாலாக்கி, மறுபடி ஹைட்ரஜன் எடுக்கலாம். பொழுது போகும்.

கே: வீட்டு மாடியில் செய்து பார்க்கலாமா? (தாம்பரம்)
ப: ஆல்கஹால் ஆவி, உயர் அழுத்த மின்சாரம், ஹைட்ரஜன். மாடி எந்தத் தெருவில் விழும் என்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

கே: வெறும் தண்ணீரில் ஓடும் கார் கண்டுபிடித்திருக்கிறேன். பணம் போடுவீர்களா? (ராஜபாளையம்)
ப: 1996இல், தண்ணீரில் மூலிகை போட்டுச் செய்ததாகச் சொன்ன மூலிகைப் பெட்ரோலைப் பார்த்து வாய்பிளந்தவர்கள் நாம். ஓட்டிக்கொண்டு வாருங்கள், பேசலாம். தள்ளிக்கொண்டு வரக் கூடாது.