சிலபஸ்காரர்

சிலபஸ்காரர் மகாராஷ்டிரம் முழுக்க உண்டு. அடர்த்தியாகக் காணப்படுவது புனேயின் சதாசிவ் பேட், நாராயண் பேட், நவி பேட் வட்டாரத்தில். சொந்த ஊர் லாத்தூரோ பீடோ பர்பணியோ, வந்த காரியம் எம்.பி.எஸ்.சி. என்னும் மகாராஷ்டிர அரசுப் பணித் தேர்வாணையத்தின் தேர்வு. வாசம் அப்யாசிகா என்னும் படிப்பகத்தில். மாதக் கட்டணம் கட்டினால் ஒரு மேஜையும் மூன்று பக்கம் பலகைத் தடுப்பும் கிடைக்கும். தடுப்பில் ஒட்டியிருப்பவை இந்திய வரைபடம், கால அட்டவணை, காலாவதியான இன்னொரு கால அட்டவணை.

புத்தகத்தை அவர் படிப்பதைவிட வர்ணம் பூசுவதே அதிகம். முக்கியமானதற்கு மஞ்சள், மிக முக்கியமானதற்குப் பச்சை, போன வருடம் கேட்டதற்கு ஆரஞ்சு. மூன்றாம் ரிவிஷனில் வெள்ளையாக மிஞ்சுவது பக்கத்தின் ஓரம் மட்டுமே.

பரீட்சைக்கு என்றே படிக்கும் இந்தப் பழக்கம் பிறவிக் குணம் அல்ல. 1993இல் பூகம்பம் கண்ட அதே லாத்தூரில், பூமி ஏன் நடுங்குகிறது என்று வகுப்பில் கேட்ட பையனுக்கு, "அது பரீட்சைக்கு வராது, உட்கார்" என்பதே பதில். அன்று உட்கார்ந்தவர்தான்.

பழைய புத்தகம் வாங்க அவர் போகும் அப்பா பல்வந்த் சௌக்கிலிருந்து கூப்பிடு தூரத்தில் பிடே வாடா என்னும் பழைய மாளிகை இருந்த இடம். 1848இல் ஜோதிராவும் சாவித்ரிபாய் புலேயும் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியது அங்கேதான். வருடமும் வாடாவின் பெயரும் அவருக்குத் தூக்கத்திலும் வரும். பெண்கள் படிப்பதை எதிர்த்துச் சாணி எறிந்தவர்களை மீறி சாவித்ரிபாய் எதற்காகப் பாடம் சொல்லப் போனார் என்பது நாலு விடைகளில் ஒன்றாக வராததால், அதற்கு வர்ணம் ஒதுக்கப்படவில்லை.

முதன்மைத் தேர்வில் இனி விரிவாக எழுத வேண்டும் என்று 2022இல் தேர்வாணையம் அறிவித்ததும், வட்டம் நிரப்பிப் பழகிய கை பதறியது. 2023 தொடக்கத்தில் புனே வீதிகளில் போராட்டம்; மாற்றம் 2025க்குத் தள்ளிப்போனது. போராட்டத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. நாலைந்து வருடம் நெல் பயிரிட்டவனிடம் திடீரென்று கரும்பு கேட்டால் எங்கே போவான்?

பொதுப் பிரிவினருக்கு வயது வரம்பு 38. தேறியவர் தாசில்தாராகப் போகிறார். தேறாதவர்களில் குரல் வளம் உள்ளவர் கிளாஸ் தொடங்கி, பேனரில் 'சார்' ஆகிறார். முதல் நாள் பாடமே மதிப்பெண் கணக்கு: எதிலிருந்து எத்தனை கேள்வி, எதைத் தொடவே வேண்டாம். வரலாற்றில் விட்டுவிடக்கூடிய நூற்றாண்டுகளின் பட்டியல் தனி ஜெராக்ஸாகக் கிடைக்கும்.